நூத்திப்பத்து கிராம்

ஏனுங்க, பர்மிட்டு விசயமா வந்தீங்களா? பாரஸ்ட் ஆபீஸ்ல இப்ப ஆளில்லீங்க. இருந்த ரெண்டு பேரும் மேல போயிருக்காங்க. அவங்க எறங்கி வந்தாத்தான் உங்க காயிதத்துல சீல் விழும். வெயில்ல நிக்காதீங்க, இப்பிடி இந்தப் பாலத்துக் கட்டையில உக்காருங்க. நான் காலையில ஒம்போது மணியில இருந்து இங்கதான் இருக்கறேன். இங்கிருந்து பாத்தாத்தான் அந்த வளைவு தெரியும். மலை எறங்கறவங்க மொதல்ல அந்த வளைவுலதான் தெரிவாங்க.

ஈரோடுங்களா? சரி. நான் கோயமுத்தூரு, கணபதி. சென்னியப்பன்னு பேரு. கடைசல் பட்டறை வெச்சிருக்கறேன். ரெண்டு லேத்து, ஒரு டிரில்லிங் மிசினு. தண்ணி மோட்டாருக்குள்ள சுத்தற தண்டு, அந்தச் சாப்டு கடைஞ்சு குடுக்கறோம். முப்பது வருசமா இதே பொழப்புத்தான்.

அடுத்த வாரம் போறீங்களா? ரெண்டு நாள் டெண்ட் போட்டுத் தங்கறதா? உங்கூட்டம்மாவும் வர்றாங்களா? அப்ப நீங்க என்னையப் பாத்தது நல்லதாப் போச்சு. ஆறு மாசமா நான் இதையேதான் படிச்சேன். எங்க வாக்கிங் குரூப்புல எதை எடுக்கோணும், எதை எடுக்கக் கூடாதுன்னு என்னையத்தான் கேப்பாங்க. நீங்களும் கேளுங்க, சொல்றேன். எனக்கும் பேசிட்டிருந்தாத் தேவலை. சும்மா உக்காந்தா அந்த வளைவையே பாத்துட்டு இருக்கறேன்.

மொதல்ல சூ. காலளவு எட்டுன்னா ஒம்போது வாங்கோணும். எறங்கும்போது கால் முன்னாடி வழுக்கிட்டுப் போகும், பெருவிரல் போய் இடிக்கும், நகம் கறுத்துரும். வாங்குன சூவைப் பெட்டியில வெச்சு அழகு பாக்கக் கூடாது. ஒரு மாசமாவது போட்டு நடக்கோணும். காட்டன் சாக்ஸ் ஆகாது, ஜீன்ஸ் பேன்ட் ஆகவே ஆகாது. நனைஞ்சா காயாது, எடை ரெண்டு மடங்காயிரும். அட்டைப்பூச்சிக்குத் தனியா முழங்கால் வரைக்கும் ஒரு உறை விக்கறாங்க, அதை வாங்கிக்குங்க. பையில அடியில தூங்கற பை, முதுகை ஒட்டி வெயிட்டான சாமான், மேல மழைக்கோட்டு. எல்லாத்தையும் ஒரு பெரிய பிளாஸ்டிக் கவர்ல போட்டு அதைப் பைக்குள்ள வெக்கோணும். பைக்கு மேல போடற உறையை நம்பாதீங்க.

டெண்ட்டா? டெண்ட்டைப் பத்தி அப்புறம் சொல்றேன்.

மொதல்ல எடையைப் பேசுவோம். எடைதானுங்க எல்லாம். நான் ஒரு கணக்கு வெச்சேன். ஆம்பளைக்கு ஒம்போது கிலோ, பொம்பளைக்கு ஏழு. ஒரு கிராம் கூடக் கூடாது. எங்கூட்டுக்காரி சுலோச்சனா மொத நாள் பையைக் கட்டிக் காட்டினா. சிரிப்புத்தான் வந்துச்சு. ஒரு எவர்சில்வர் போசி, ஒரு பெட்சீட்டு, ஊறுகாய் பாட்டிலு, துண்டு மூணு. பட்டறைத் தராசுல வெச்சா பதினொண்ணேகால் கிலோ. எல்லாத்தையும் வெளிய எடுத்துப் போட்டேன். பல் தேய்க்கற பிரஸ்ஸைப் பாதியா அறுத்தேன். கரண்டிக் காம்புல பதினோரு ஓட்டை போட்டேன். சீப்புல பாதி போதும்னு ஒடிச்சுக் குடுத்தேன். ஏனுங்க, என்னையவும் பாதியாத்தான் கூட்டிட்டுப் போவீங்களான்னு கேட்டா. அவளுக்கு எல்லாம் வெளையாட்டு. மலையில போயி நின்னா வெளையாட்டாங்க?

அந்த வளைவுல ஏதோ அசையுதுங்களே. உங்களுக்குக் கண்ணு நல்லாத் தெரியுமா? மாடா? ஆமாமா, மாடுதான்.

பன்னெண்டு மணிக்கு எறங்கீருவாங்கன்னு சொன்னாங்க. இப்ப மணி என்னாச்சு? மூணே காலா? ஏழு பேரு போயிருக்காங்க. ஆம்பளைங்க மூணு, பொம்பளைங்க நாலு. எங்கூட்டுக்காரியும் போயிருக்கறா. நான் போகல. அது ஒரு கதை.

காலையில பதினோரு மணிக்கு, அவங்க கூடப் போன கைடுகிட்ட இருந்து வயர்லெஸ்ல சேதி வந்துச்சு. காத்துல டெண்ட் சாஞ்சிருச்சு, ஒரு லேடிக்கு அடி, மெதுவா எறக்கிட்டு வர்றோம்னாங்க. எந்த லேடின்னு நான் கேக்கறதுக்குள்ள கொர்ருன்னு ஆயிருச்சு. இங்கிருந்த பாரஸ்ட் கார்டு திரும்பத் திரும்பக் கூப்பிட்டாரு. எறங்கற வழி பூரா பள்ளம், அங்க சத்தம் எட்டாதுங்களாம். அப்புறம் அவங்க ரெண்டு பேரும் டோலிக் கம்பைத் தூக்கிட்டு மேல ஓடினாங்க. நானும் வர்றேன்னேன். சர்டிபிகேட்டு இல்லாதவங்களை விட முடியாதுன்னுட்டாங்க.

நாலுல ஒருத்தரு. அவ்வளவுதானுங்க எனக்குத் தெரியும்.

சர்டிபிகேட்டு என்னன்னா, மலையேற ஒடம்பு தாங்கும்னு டாக்டரு எழுதிக் குடுக்கோணும். உங்களுக்கும் வேணும், வாங்கிட்டீங்களா? எங்க குரூப்புல அல்லாரும் ஒரே டாக்டருகிட்டப் போனோம். எனக்குப் பிரசர் பாத்தாரு. நூத்தித் தொண்ணூறு காட்டுச்சு. மிசின் தப்புங்கன்னேன். இன்னொரு மிசின்ல பாத்தாரு. அதுவும் தப்பு. பத்துப் பன்னெண்டு வருசத்து மிசினு, அளவு விட்டுப் போயிருக்கும், அளவு சரி பாக்கற பொழப்பே என்னோடதுன்னு அவருகிட்டச் சொன்னேன். அவரு எழுதிக் குடுக்கல. மூணு மாசம் மாத்திரை சாப்பிட்டுட்டு வாங்கன்னாரு. எனக்கு ஒடம்புல ஒரு கோளாறும் கெடையாதுங்க. மருதமலைப் படியில முப்பது நாள் ஏறியிருக்கறேன், முதுகுல அரிசிச் சிப்பத்தைக் கட்டிட்டு.

சுலோச்சனாவும் ஏறினா. அவளுக்கு நடையில நிதானம் பத்தாது. எனக்கு முன்னாடி ஏறிப் போயி மேல உக்காந்துக்குவா. பதட்டமுங்க. மலைன்னா உள்ளூரப் பயம் இருக்கறவங்கதான் அப்பிடி வேகமா ஏறுவாங்க. நான் நின்னு நின்னு, மூச்சை அளந்து ஏறுவேன். அவ மேல உக்காந்து கடலை தின்னுட்டு இருப்பா. கஷ்டப்பட்டுப் போயிட்டா பாவம்னு நெனைச்சுக்குவேன்.

டாக்டரு இல்லைன்ன அன்னிக்கு ஊட்டுக்கு வந்து சொன்னேன். சரி சுலோச்சனா, நாம போகல, குரூப்பு டீச்சருக்குப் போன் பண்ணிச் சொல்லிரு. அவ சப்பாத்தி தேச்சுட்டு இருந்தா. தேய்க்கறதை நிறுத்தக்கூட இல்ல. நீங்க போகலைங்க, நான் போறனுங்கன்னா.

நான் இல்லாமயான்னு கேட்டேன். ஆமாங்கன்னா. இருவத்திரெண்டு வருசத்துல அவ என்கிட்ட இப்பிடிப் பேசினதில்லீங்க. டெண்ட் யாரு போடுவா? அடுப்பு யாரு பத்த வெப்பா? பையை யாரு கட்டுவா? கேட்டேன். எல்லாத்துக்கும் ஒரே பதிலு, பாத்துக்கறோமுங்க. எங்க வீதியில தையக்கடை வெச்சிருக்கற மெஹருன்னிசா அக்கா கூட ஒரே டெண்ட்ல படுத்துக்கறேன்னுட்டா. எனக்கு வாங்குன எடத்துல மெஹரக்கா. நான் அவகூட நாலு நாள் பேசல. அவ அதைக் கண்டுக்கவும் இல்ல. படியேறப் போனா, வந்தா, பையைக் கட்டினா, அவுத்தா.

உங்கூட்டம்மா உங்களை விட்டுட்டுப் போவாங்களா? போக மாட்டாங்க. உங்க மொகத்தைப் பாத்தாலே தெரியுது.

என்னங்க, திரும்பத் திரும்ப டெண்ட்டையே கேக்கறீங்க. சரி, சொல்றேன். டெண்ட் வாங்கறதுன்னா சவரிமுத்து கடையில வாங்குங்க. டவுன்ஹாலுக்குப் பக்கத்துச் சந்துல சின்னக் கடை. நல்ல மனுசன். நாங்க போன அன்னிக்குக் கடையில இருந்த சாமானெல்லாம் ஒதுக்கி, நடுவுல டெண்ட்டை நிறுத்தி, படுத்துப் பாருங்கன்னாரு. நானும் சுலோச்சனாவும் உள்ள படுத்துப் பாத்தோம். கடைக்கு வந்தவங்க எட்டிப் பாத்துச் சிரிக்கறாங்க. அவ வெக்கப்பட்டுத் துண்டை மொகத்துல போட்டுட்டா. மலை மேல காத்து அடிக்குமே தாங்குமான்னு கேட்டேன். அண்ணா, தண்ணித் தொட்டியே பறந்தாலும் இந்தக் கம்பி நிக்கும், நானே ஒரு வாரம் மேல தங்கியிருக்கறேன்னாரு. அந்தக் கம்பியில ஒண்ணும் குத்தம் கெடையாது. அதை மட்டும் நீங்க தெரிஞ்சுக்கோணும். கம்பியில குத்தம் கெடையாது.

அலுமினியக் கொழாய்ங்க அது. ரெண்டு கம்பி, கம்பிக்கு எட்டுத் துண்டு. உள்ள ரப்பர் கயிறு ஓடும். உதறினாத் தானாக் கோத்துக்கும். மேல கறுப்புப் பூச்சு. டெண்ட்டோட மொத்த எடை ரெண்டு கிலோ நானூறு. துணியில கை வெக்க முடியாது. தரையில அடிக்கற ஆணியை நானே கடைஞ்சேன், அதுல அறுவது கிராம் கொறைஞ்சுது. மிச்சம் இருக்கறது கம்பி.

கொழாய்க் கனம் ஒரு மில்லிமீட்டரு இருந்துச்சு. எதுக்குங்க ஒரு மில்லி? எங்க தொழில்ல இப்பிடி அனாவசியமா விட்டு வெச்சாத் திட்டுவோம். கால் மில்லி எடுத்தா என்ன ஆயிரப் போவுது? உள்ள ஒரு உருளை சொருகி, லேத்துல மாட்டி, மேலாப்புல கடைஞ்சேன். ஒரு துண்டு முடிச்சு எடை போட்டேன். ஏழு கிராம் கிட்டக்கக் கொறைஞ்சிருச்சு. பதினாறு துண்டுக்குப் பாருங்க. நூத்திப்பத்து கிராம். ஒரு கட்டுக் கொத்தமல்லித் தழை எடை. எனக்கு இருந்த சந்தோசத்தை உங்களுக்குச் சொல்ல முடியாது. அவ முதுகுல நூத்திப்பத்து கிராம் கொறைச்சிருக்கறேன்.

ஆமாங்க, அவ பையில போற டெண்ட்டுத்தான். அவகூடப் பேசாம இருந்தனே, அந்த நாலு நாள்லதான் கடைஞ்சேன். என்னோட வேலையாச்சும் அவகூட மலைக்குப் போகட்டும்னு ஒரு நெனைப்பு. யாருகிட்டயும் சொல்லல. சொன்னா டீச்சரு வேண்டாம்பாங்க. வாசுகி டீச்சருதான் எங்க குரூப்புக்கு லீடரு. பீ.டி. டீச்சரா இருந்து ரிட்டையர் ஆனவங்க. அவங்களுக்கு எல்லாமே கடையில வாங்குனபடியே இருக்கோணும். நூல் கூடப் பிரிக்கக் கூடாது.

கடைசித் துண்டு கடையும்போது சுலோச்சனா சோத்துப் போசியோட வந்துட்டா. வழக்கமா ஒரு மணிக்கு வர்றவ அன்னிக்குப் பன்னெண்டே காலுக்கு வந்துட்டா. அவசர அவசரமா முடிச்சு, எண்ணெய்த் துணிக்கடியில போட்டேன். அவ்வளவுதான்.

கெளம்பறதுக்கு மொத நாள் மொட்டை மாடியில டெண்ட்டைப் போட்டுப் பழகினா. மெஹரக்காவும் வந்திருந்தாங்க. சுலோச்சனா கம்பியை விரல்ல தடவிட்டே, ஏனுங்க, கறுப்பா இருந்துச்சே, வெள்ளையா இருக்குதேன்னா. பாலிஸ் போட்டேன்னு சொன்னேன். எதுக்குன்னா. பளபளன்னு இருக்கட்டும்னேன். அவ கம்பியை இன்னொரு தரம் விரல்ல உருட்டிப் பாத்தா. அப்புறம் மெஹரக்காவோட சேந்து கொக்கியை மாட்டப் போயிட்டா. பொய்யுன்னு சொல்ல முடியாதுங்க. கடைஞ்சா பாலிஸும் ஆகத்தான செய்யும்.

அன்னிக்கே சொல்லியிருக்கலாமேங்கறீங்களா? சொல்லியிருக்கலாம். அவ பயந்துக்குவா. டெண்ட்ல படுத்துட்டு மேல பாத்துட்டே கெடப்பா. இல்லீன்னா டீச்சருகிட்டச் சொல்லி வேற டெண்ட் வாங்கிக்குவா. அப்புறம் நான் எதுக்கு?

நேத்துச் சாயங்காலம் பொழுதோட இங்க கீழயே காத்து எப்பிடி அடிச்சுது பாத்தீங்களா? ஈரோட்ல இல்லையா? எங்க வீதியில ஒரு முருங்கை மரம் சாஞ்சிருச்சு. நான் பட்டறையில இருந்தேன். தகரம் படபடன்னு அடிக்குது. கையில இருந்த ஸ்பேனரை அப்பிடியே வெச்சுட்டேன். கால் மில்லி, கால் மில்லின்னு சொல்லிப் பாத்துட்டே இருந்தேன். பஸ் மாறி மாறி வந்து காலையில இங்க எறங்கற வரைக்கும் அதேதான். பதினோரு மணிக்கு வயர்லெஸ்ல டெண்ட் சாஞ்சிருச்சுன்னாங்க. யாரு டெண்ட்டுன்னு சொல்லல. நாலு டெண்ட்டு இருக்குது, ஏன் அது என்னோடதா இருக்கோணும்? அதுவும் டெண்ட்டைச் சரியாப் போடத் தெரியோணும். காத்து வர்ற பக்கம் தலையை வெச்சுப் போடோணும். கயிறு நாலையும் இழுத்துக் கட்டோணும். அவ எதையாச்சும் கட்டாம விட்டிருப்பா. நான் இருந்திருந்தா…

 

எந்திரிங்க. வளைவுல பாருங்க. மாடு இல்லீங்க, சட்டை தெரியுது. டோலி. டோலியில இருக்கறது யாரு? பச்சைச் சேலையா, சுடிதாரா? எங்கூட்டுக்காரி நீலச் சுடிதாருங்க, நீலத்துல வெள்ளைப் புள்ளி. பாத்துச் சொல்லுங்க, எனக்குக் கண்ணுல தண்ணி வந்து ஒண்ணும் தெரியல. என்னோட இந்தப் பையைப் பாத்துக்குங்க. நான் வர்றேன்.

வந்துட்டனுங்க. பையைக் குடுங்க. இல்ல, அப்பிடியே வெச்சிருங்க. தண்ணி இருக்குதுங்களா? குடுங்க ஒரு மொடக்கு.

அவ இல்லீங்க. மெஹரக்கா. வலது கை ஒடிஞ்சிருக்குது, நெத்தியில வெட்டு. உசுருக்கு ஒண்ணும் இல்ல. பேசறாங்க, என்னையப் பாத்துச் சிரிக்கக்கூடச் செஞ்சாங்க. உங்கூட்டம்மா இல்லைன்னா நான் இல்லண்ணான்னாங்க. என்னால அங்க நிக்க முடியல.

சுலோச்சனா டோலிக்குப் பின்னாடி வந்தா. நீங்களும் பாத்தீங்களே. முதுகுல ஒரு பை, நெஞ்சுல ஒரு பை. மெஹரக்கா பையையும் சேத்துத் தூக்கிட்டு வந்திருக்கறா, மலை முழுக்க. ஓடிப்போயி, குடு சுலோச்சனா, ஏழு கிலோவுக்கு மேல இருக்கும், முதுகு போயிரும்னேன். பதினஞ்சு இருக்கும், வழி விடுங்க, டோலிக்கு எடம் வேணும்னா. மூச்சு வாங்கலீங்க அவளுக்கு.

நடந்தது என்னன்னா, நேத்துப் பொழுதோட காத்து ஆரம்பிச்சதும் கயிறெல்லாம் இழுத்துக் கட்டியிருக்கறாங்க. நாலு கயிறும் கட்டியிருந்துச்சாம். காத்து வர்ற பக்கம் தலை வெச்சுத்தான் போட்டிருந்தாங்களாம். டீச்சரு சொன்னாங்க, உங்கூட்டம்மா எங்க டெண்ட்டுக்கெல்லாம் வந்து கட்டிக் குடுத்தாங்கன்னு. மத்த மூணு டெண்ட்டும் நின்னுச்சு. இது மட்டும் டப்புன்னு முறிஞ்சிருச்சு. முறிஞ்ச முனை துணியைக் கிழிச்சு மெஹரக்கா நெத்தியில பட்டிருக்குது. அவங்க பதறி எந்திரிச்சு வெளிய ஓடி, பாறையில விழுந்துட்டாங்க. அதுல கை. சுலோச்சனா விரிச்சுப் படுக்கற மெத்தையை வெட்டி, கையைச் சுத்திக் கட்டியிருக்கறா. நல்ல கட்டுங்க, கார்டே பாத்துட்டு அவுக்க வேண்டாம்னுட்டாரு. அந்த மெத்தையை எடுத்துக்கச் சொன்னது நான்தான்.

அதை எதுக்கு இப்பச் சொன்னேன்? விடுங்க.

டீச்சரு கோவமா இருக்காங்க. அண்ணா, அந்தச் சவரிமுத்துவை விடக் கூடாது, போலிக் கம்பியை வித்திருக்கறான், கோயமுத்தூர்ல இருக்கற அத்தனை வாக்கிங் குரூப்புக்கும் இன்னிக்கே வாட்ஸப்புல போட்டு விடறேன், ஒருத்தரும் அந்தக் கடை வாசலை மிதிக்கக் கூடாதுன்னாங்க. முறிஞ்ச துண்டு கையில இருந்தா அவன் மூஞ்சி மேலயே வீசலாம், அது இருட்டுல எங்கயோ விழுந்திருச்சுன்னு சுலோச்சனா சொல்றாங்கன்னாங்க. சுலோச்சனா அவங்களுக்குப் பின்னாடி நின்னுட்டு என்னையப் பாத்துட்டு இருந்தா.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? ஆமாங்க டீச்சர், விடக் கூடாதுங்கன்னேன்.

வாயில இருந்து வந்திருச்சுங்க. நெனைச்சுச் சொன்னதில்ல. அவங்க அத்தனை கோவமா இருக்கும்போது வேற என்ன சொல்றது? அப்புறமா சாவகாசமாச் சவரிமுத்துகிட்டப் பேசிக்கலாம்னு நெனைச்சேன். இல்ல, அதுவும் பொய்யி. ஒண்ணும் நெனைக்கல. தப்பிச்சேன்னுதான் நெனைச்சேன்.

டீச்சரு ஆஸ்பத்திரிக்குப் போக நிக்கற ஜீப்புக்குப் போன பின்னாடி சுலோச்சனா என்னைய அந்தத் தண்ணிக் குழாய்ப் பக்கம் கூப்பிட்டா. நெஞ்சுல இருந்த பையை எறக்கி, அடியில கை விட்டு, மொகம் தொடைக்கற துண்டுல சுத்தின ஒரு பொட்டலத்தை எடுத்தா. என் கையில வெச்சா. திட்டுவான்னு நின்னேன். நாலு பேரு முன்னாடி கத்தினாக்கூடத் தேவலைன்னு இருந்துச்சு. மெஹரக்காவுக்குத் தெரியாது, டீச்சருக்கும் தெரியாது, நான் அக்கா கூட ஜீப்புல ஆஸ்பத்திரிக்குப் போறனுங்க, அவ்வளவுதான் சொன்னா. சுத்தியிருந்த துணியை மட்டும் திருப்பி வாங்கிட்டா, அக்கா நெத்திக்கு வேணும்னு.

இந்தாங்க பாருங்க, முறிஞ்ச கம்பித் துண்டு. பயப்படாதீங்க, அந்த முனையைத் தொடாமப் புடிங்க. உங்களுக்குத் தெரியுதா? இந்தப் பக்கம் கனமா இருக்குது. அப்பிடியே திருப்புங்க. இந்தப் பக்கம் காயிதமாட்டம் இருக்குது. விரல்லயே தெரியும். கொழாய் துளி வளைஞ்சிருந்திருக்குது. வளைஞ்சதை லேத்துல மாட்டினா ஆட்டம் பாக்கோணும், ஆட்டத்தை எடுத்துட்டுத்தான் கடையோணும். இல்லைன்னா ஒரு பக்கம் கூடுதலா எடுத்துரும். எங்க பட்டறையில மொத நாள் வேலைக்கு வர்றவங்களுக்கு நான் சொல்ற மொதப் பாடமே அதுதான். பதினஞ்சு துண்டுக்குப் பாத்தேன். இது அந்தக் கடைசித் துண்டு. சுலோச்சனா வர்ற சத்தம் கேட்டு, பாக்காம ஓட்டிட்டேன். அவளுக்குத் தெரியக் கூடாதுன்னு ஓட்டிட்டேன். எங்கயாச்சும் முக்கால் மில்லி போயிருக்கும். நான் கால் மில்லி, கால் மில்லின்னு சொல்லிட்டே வந்தேன்.

அவளுக்கு அன்னிக்கு மாடியில விரல் வெச்சதுமே தெரிஞ்சிருக்கோணும். இருவத்திரெண்டு வருசமாப் பட்டறைக்கு வந்து போறவளுக்குப் பாலிஸ் எது, கடைசல் எதுன்னு தெரியாதா? தெரிஞ்சும் ஏன் எடுத்துட்டுப் போனா? கேட்டா என்ன சொல்லுவான்னு எனக்குத் தெரியும். நீங்க கடைஞ்சதாச்சேன்னு சொல்லுவா. என்னைய நம்பித்தானுங்க அதுக்குக் கீழ படுத்தா.

எனக்கு நெஞ்சு அடைக்குது. பிரசர் எல்லாம் இல்லீங்க. இல்ல, பிரசராத்தான் இருக்கும். அந்த டாக்டரு சரியாத்தான் சொன்னாரு.

ஜீப்பு இன்னும் கெளம்பலீங்க. டிரைவரு உள்ள ரெஜிஸ்டர்ல கையெழுத்துப் போட்டுட்டு இருக்காரு. மெஹரக்காவைப் பின் சீட்டுல படுக்க வெச்சுட்டாங்க. சுலோச்சனா அவங்க தலைமாட்டுல உக்காந்துட்டா. இந்தப் பக்கம் திரும்பவே இல்ல. டீச்சரு முன்னாடி நின்னு போனை நோண்டிட்டு இருக்காங்க, பாருங்க. சவரிமுத்துவைப் பத்தித்தான் எழுதறாங்க. இங்க சிக்னல் கெடைக்காது. கீழ டேம் தாண்டினதும் போயிரும். அத்தனை பேருக்கும் போயிரும். அந்த மனுசன் இன்னேரம் கடையில யாருக்காச்சும் டெண்ட்டை விரிச்சுக் காட்டிட்டு இருப்பாரு.

இந்தத் துண்டை அந்த ஓடையில வீசினா ஒருத்தருக்கும் தெரியாது. அவளுக்கு மட்டும் தெரியும். உங்களுக்குத் தெரியும், நீங்க ஈரோட்டுக்குப் போயிருவீங்க. பாருங்க, உங்ககிட்ட எவ்வளவு நேரமாப் பேசறேன், எல்லாத்தையும் சொல்லிட்டேன். பேரு கூட உங்களைக் கேக்கல. அவகிட்டச் சொல்ல நாலு நாள் இருந்துச்சு. மாடியில ஒரு நிமிசம் இருந்துச்சு. இப்பக் குழாய்கிட்டயும் இருந்துச்சு, பொட்டலத்தைக் கையில வெச்சுட்டு அவ நின்னாளே, கொஞ்ச நேரம் நின்னா.

டிரைவரு வெளிய வர்றாரு.

ஏனுங்க, முப்பது அடி தூரம் இருக்குமா அந்த ஜீப்பு? அதுக்கு மேல இருக்காது. போயி டீச்சருகிட்ட இதைக் குடுத்து, நான்தாங்க கடைஞ்சேன்னு சொல்லோணும். மெஹரக்கா காதுல விழற மாதிரி சொல்லோணும். அவ்வளவுதான். கொஞ்சம் என்கூட வர்றீங்களா? நீங்க ஒண்ணும் பேச வேண்டாம். சும்மா பக்கத்துல நின்னாப் போதும்.